‘ட்ரூகுலென்ட்’ கற்றுத் தந்த பாடம்



ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் அழுத்தம், விசை, பரப்பு என்று மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிவிடுகிறோம். அந்தச் சூத்திரத்துக்குள்ளே மனித உயிர் இருக்கிறது என்று எனக்குப் புரியவைத்தது ‘ட்ரூகுலென்ட்’ என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பலின் கதை.

இரண்டாம் உலகப்போரின்போது பாரோ நகரில் விக்கர்ஸ் ஆம்ஸ்ட்ராங் நிறுவனம் கட்டிய கப்பல் இது. 1942 செப்டம்பரில் நீரில் இறக்கப்பட்டது. நீளம் சுமார் 84 மீட்டர். மேலே மிதக்கையில் டீசல் எஞ்சின். மூழ்கினால் பேட்டரியில் ஓடும் மின் மோட்டார். 1943 ஜூனில் யு-308 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியை மூழ்கடித்தது. 1944 ஜூனில் மலாக்கா நீரிணையில் ஒரு ஜப்பானியக் கப்பலைத் தாக்கியது. அதற்குள் இருந்தவர்களோ நேசநாட்டுப் போர்க்கைதிகள்! நூற்றுக்கும் மேற்பட்ட கைதிகள் மாண்டார்கள்.

போரில் தப்பிய கப்பல் அமைதிக் காலத்தில் அழிந்தது. 1950 ஜனவரி 12. சாத்தம் துறைமுகத்தில் பழுதுபார்த்த பின் சோதனை ஓட்டம் முடித்து, இரவில் தேம்ஸ் முகத்துவாரம் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. எதிரே ‘டிவினா’ என்ற ஸ்வீடன் நாட்டு எண்ணெய்க் கப்பல். அதன் விளக்குகளைப் பார்த்து, நின்றுகொண்டிருக்கும் கப்பல் என்று தப்பாக நினைத்து இடப்பக்கம் திருப்பினார்கள். மோதல்!

உள்ளே சிக்கியவர்கள் வெளியேறுவது எப்படி? 10 மீட்டர் ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ கூடுதல் அழுத்தம். 60 செ.மீ. விட்டமுள்ள மூடி என்று வைத்துக்கொண்டால், மேலே சுமார் 2,800 கிலோ! கையால் தள்ள முடியுமா? அதனால் அறைக்குள் தண்ணீரை விட்டு, இருபக்க அழுத்தமும் சமமானதும் மூடியைத் திறந்து, சுவாசக் கருவியோடு மேலே வரவேண்டும். அப்படித்தான் பலர் வந்தார்கள். ஆனால் மேலே கடுங்குளிர், இருட்டு, கடலை நோக்கி இழுக்கும் வற்று நீரோட்டம். கப்பலில் இருந்த 79 பேரில் 64 பேர் இறந்தார்கள்.

அந்த 79 பேரில் 18 பேர் கடற்படையினர் அல்லர்; பட்டறைத் தொழிலாளர்கள். தாங்கள் பழுதுபார்த்த கப்பலில் சோதனைக்குப் போனவர்கள். நாளைக்கு நாமும் அவர்களைப் போலத்தானே, நண்பர்களே!

விசாரணையில் 75 சதவீதத் தவறு நீர்மூழ்கியுடையது, 25 சதவீதம் ‘டிவினா’வுடையது என்று தீர்ப்பானது. மார்ச்சில் வெளியே தூக்கப்பட்ட கப்பல், அதே ஆண்டில் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. பிறகு பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளின் முகப்பில் கூடுதலாக ஒரு வெள்ளை விளக்கு வைத்தார்கள். அதற்குப் பெயரே ‘ட்ரூகுலென்ட் விளக்கு’.

லேப்பில் ஒரு சிவப்பு பல்பு எரிந்தால், "அது சும்மா எரியுது"ன்னு தாண்டிப் போகாதீர்கள். ஏன் எரிகிறது என்று கேளுங்கள்!