பொடி மீன் வாங்கலாமா?

"பொடி மீனில்தான் சத்து அதிகம் என்கிறார்கள், அதைப் பிடித்தே கடல் அழிகிறது என்றும் சொல்கிறார்கள். நான் வாங்குவதா, விடுவதா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

தாராளமாக வாங்குங்கள். ஆனால் பொடி மீன் வேறு, குஞ்சு மீன் வேறு. நெத்திலி விரல் நீளத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சாளை என்கிற மத்தியோ ஏறத்தாழ 15 செ.மீ. வளர்ந்தால்தான் சினை பிடிக்கும். அதற்குமுன் வலையில் ஏறினால், ஒருமுறைகூட முட்டையிடாமல் போய்விடுகிறது.

கடையில் உங்கள் கையே அளவுகோல். கட்டைவிரலோடு சேர்த்து உள்ளங்கையின் அகலம் சுமார் 10 செ.மீ. கேரளத்தில் அதற்குக் குறைந்த மத்தியைப் பிடிக்க 2015 முதல் தடை. உள்ளங்கையில் குறுக்காக வைத்துப் பாருங்கள்; தலையும் வாலும் நன்றாக வெளியே நீளவில்லை என்றால் வேண்டாம். நெத்திலிக் குவியலில் சாளைக் குஞ்சு கலந்திருப்பதும் உண்டு. நெத்திலிக்கு வாய் கண்ணையும் தாண்டிப் பிளந்திருக்கும், விலாவில் வெள்ளிக் கோடு ஓடும். சாளைக்கு வாய் சிறியது. அடிவயிற்றை வால் பக்கமிருந்து தலை நோக்கித் தடவினால் ரம்பம்போல் உறுத்தும். ஒரு சாண் வஞ்சிரமும் குஞ்சுதான், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்று, அந்தச் சத்தைப் பெரிய மீன்களின் வாய்வரை கொண்டுசேர்ப்பவை சாளையும் நெத்திலியும். சூரை, வஞ்சிரம், சீலா, ஓங்கில், ஆலாப் பறவை எல்லாம் இவற்றைத் தின்று வளர்பவை. நமீபியாவை அடுத்த கடலில் 1968-ல் மட்டும் 13 லட்சம் டன்னுக்கு மேல் சாளை அள்ளினார்கள். பத்தே ஆண்டில் அந்த மீன்கூட்டம் சரிந்தது. பழையபடி திரும்பவே இல்லை. பென்குயின்களுக்குச் சத்துக் குறைந்த வேறு மீன்தான் மிஞ்சியது. சாளை இருந்த இடத்தில் சொறி என்கிற ஜெல்லிமீன் பெருகியது. 2006-ல் வெளியான ஆய்வின்படி அங்கே சொறியின் எடை 1.2 கோடி டன், மீன்களின் எடை வெறும் 36 லட்சம் டன். சொறியைத் தின்று கொழுக்கும் மீன்கள் குறைவு; சத்து அங்கேயே தேங்கிவிடுகிறது.

நம் பக்கத்திலும் பார்த்தோம். கேரளத்தில் 2012-ல் ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021-ல் 3,297 டன்னுக்கு விழுந்தது. கடலின் போக்கு மாறியதும் அதற்குக் காரணம்தான். அப்படி இளைத்த கூட்டத்தில் குஞ்சையும் வாரி, மீன்தூள் ஆலைக்கு லாரியில் அனுப்புவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மீன் விற்கும் அக்காவிடம் சண்டை வேண்டாம். "பெருசு வந்தா எடுத்து வைங்கக்கா" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு நெத்திலி வாங்கி வாருங்கள். நேற்று கூடையில் எது மிஞ்சியது என்பதைப் பார்த்துத்தான் அவர் இன்று ஏலத்தில் கேட்கிறார்.