ஃப்ரிட்ஜுக்கு விடும் இடம்

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ அனுப்பிய சமையலறை வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடுப்பும் சிங்க்கும் சரியான தூரத்தில் இருக்கின்றன. மசாலா டப்பாக்களுக்கு அடுப்பை ஒட்டியே டிராயர் வைத்தது உன் யோசனையாம், உன் அப்பா சொன்னான். நல்ல யோசனை. எனக்கு உறுத்துவது ஒரே இடம்: வலது மூலையில் ஃப்ரிட்ஜுக்கென்று 61 செ.மீ. அகலத்தில் விட்டிருக்கும் பொந்து. நீ பார்த்து வைத்திருக்கும் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜின் அகலமே 60 செ.மீ. "ஃபிட்டா உக்காந்துரும் மேடம், கப்போர்டோட கப்போர்டா தெரியும்" என்று கான்ட்ராக்டர் சொல்லியிருப்பார். அப்படித் தெரிய வேண்டும் என்று நீயும் ஏதோ படத்தைக் காட்டியிருப்பாய்.

அந்தப் படங்களில் இருப்பது வேறு வகை. ஐரோப்பியச் சமையலறைகளில் அலமாரிக்குள் வைத்து மூடுவதற்கென்றே செய்யும் ஃப்ரிட்ஜ்கள் உண்டு. 60 செ.மீ. அலமாரிக்குள் 56 செ.மீ. இடைவெளியில் நுழையும் அளவில் அவற்றை வடிவமைக்கிறார்கள். கீழே கால்பலகையில் ஜாலி வழியாகக் காற்று உள்ளே வரும், முதுகுப்பக்கம் மேலேறும், உச்சியில் வெளியேறும். அந்த வழி குறைந்தது 200 சதுர செ.மீ. திறந்திருக்க வேண்டும் என்று கையேட்டிலேயே போட்டிருப்பார்கள். அந்த வகை இங்கே கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும். நீ வாங்குவது தனியே நிற்கப் பிறந்தது. அதை மூடி வைத்தால் என்ன ஆகும் என்று, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்த்தே பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. கம்ப்ரஸர் ஓடுகிற மின்சாரமும் கடைசியில் சூடாகி அதோடு சேர்ந்துகொள்கிறது. இவ்வளவையும் அறைக் காற்று வாங்கிக்கொண்டு போக வேண்டும். பழைய ஃப்ரிட்ஜ்களில் முதுகில் கறுப்புக் கம்பிவலை இருக்குமே, சூடு வெளியேறும் இடம் அதுதான். சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தால் வேலை முடிந்தது. இப்போது அந்தக் குழாய்களைப் பக்கவாட்டுத் தகட்டுக்குள் மறைத்துவிட்டார்கள். புது ஃப்ரிட்ஜின் பக்கத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு "சுடுது, ரிப்பேர்" என்று எனக்குப் போன் செய்தவர்கள் நிறைய. அது ரிப்பேர் இல்லை, சூடு போகும் வழியே அதுதான். அந்தப் பக்கங்களில் பிளைவுட்டை ஒட்டி நிறுத்தினால் வழி அடைபட்டுப்போகும்.

ஃப்ரிட்ஜின் உட்புறத்திலோ பின்புறத்திலோ ஒட்டிய தகட்டில் ஓர் எழுத்து இருக்கும். 'டி' என்றிருந்தால் 16 முதல் 43 டிகிரி வரை உள்ள வெப்பத்தில் வேலை செய்யும் என்று பொருள். 'என்' என்றால் 32 டிகிரியோடு சரி. சென்னையில் 43 எப்போதாவதுதானே என்று நீ கேட்கலாம். வானிலை அறிக்கையில் வரும் வெப்பம் ஃப்ரிட்ஜுக்குத் தெரியாது. தன்னைச் சுற்றி நிற்கும் காற்றுதான் தெரியும். மே மாத மதியம், பக்கத்தில் அடுப்பு எரியும்போது, மூன்று பக்கமும் அடைத்த பொந்துக்குள் தன் சூட்டைத் தானே குடித்துக்கொண்டு நின்றால் அந்த எல்லையைத் தாண்ட வெகுநேரம் ஆகாது. கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், மின்கட்டணம் ஏறும், பால் திரியும். நட்சத்திர முத்திரையில் போட்டிருக்கும் யூனிட் கணக்கு சோதனை அறையில் எடுத்தது. பொந்துக்குள் அது செல்லாது.

இந்த நிலையில் மெக்கானிக்கைக் கூப்பிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? "கேஸ் கம்மியாயிருச்சு" என்று சொல்லி நிரப்பிவிட்டுப் பணம் வாங்கிப் போவார்கள். பூட்டிய சுற்றில் கசிவு இல்லாமல் கேஸ் எங்கே போகும்? நான் போன பல வீடுகளில் ஃப்ரிட்ஜை அரை அடி முன்னால் இழுத்துவிட்டதே வைத்தியமாக இருந்தது. இன்னொன்று: புது ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ என்ற ஐசோபியூட்டேன். தீப்பற்றக்கூடியது. அளவு சில பத்து கிராம்தான் என்பதால் பயப்பட வேண்டாம், ஆனால் காற்றுவழியை அடைக்காதே என்ற எச்சரிக்கை அதற்காகவும் போடப்படுகிறது.

கோத்ரெஜ் 1958-இல் இங்கே ஃப்ரிட்ஜ் தயாரிக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு வெகுகாலம் நம் வீடுகளில் அது ஹாலில்தான் நின்றது, மேலே பின்னல் விரிப்பும் பூச்சாடியுமாக. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்ற பெருமை. சிரிப்பாய், ஆனால் காற்றோட்டமான இடம் அதற்குக் கிடைத்தது.

சரி, எவ்வளவு விடலாம்? கையேட்டில் இருப்பதே கடைசி வார்த்தை. பொதுவாகப் பக்கத்துக்கு 5 செ.மீ., பின்னால் 5, மேலே 10 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான மாடல்களுக்குப் போதும். உன் கணக்கில் அகலம் 70 ஆகிறது. நான் 75 விடச் சொல்வேன். அலமாரி இருபது வருஷம் நிற்கும், ஃப்ரிட்ஜ் அதற்குள் ஒரு தடவையாவது மாறும். அடுத்தது பெரும்பாலும் பெரிதாகத்தான் இருக்கும். உயரத்திலும் இதே கதை. ஃப்ரிட்ஜுக்கு மேல் ஒரு பெட்டி அலமாரி கேட்டிருக்கிறாய். வைத்துக்கொள், ஆனால் அதன் முதுகுப் பலகை சுவரைத் தொடாமல் 5 செ.மீ. முன்னால் நிற்கட்டும், சூடு அந்தச் சந்தில் மேலே போய்விடும். ஃப்ரிட்ஜுக்கு அடியில் ஸ்டாண்டு போடுவீர்களா என்பதையும் இப்போதே முடிவு செய். நம் ஊரில் ஸ்டாண்டை மறந்து உயரம் எடுத்து, கடைசியில் மேல்பலகையை அறுத்த வீடுகள் ஏராளம்.

அளவை டைல்ஸ் ஒட்டி முடிந்த பிறகு எடுக்கச் சொல். தரை, இடுப்பு, தலை என்று மூன்று உயரத்தில் டேப் பிடித்து, மிகக் குறைந்ததைக் கணக்கில் வைக்க வேண்டும். நம் சுவர்கள் நூல் பிடித்தாற்போல் நிற்பதில்லை. கீழே ஸ்கர்ட்டிங் கல்லும் மேடையில் கிரானைட் விளிம்பும் ஒரு விரல் அளவாவது துருத்திக்கொண்டிருக்கும்.

கதவு விஷயம் இன்னும் முக்கியம். இங்கே விற்கும் பெரும்பாலான ஃப்ரிட்ஜ்களில் கீல் வலப்பக்கம். உன் வரைபடத்தில் வலப்பக்கம் சுவர். கதவு நேர்கோணத்துக்குத் திறந்தால் போதாது, காய்கறித் தட்டை முழுதாக வெளியே இழுக்க அதைத் தாண்டியும் விரிய வேண்டும். சுவர் இடித்தால் தட்டு கதவில் முட்டும், நீ ஆயுளுக்கும் கீரைக்கட்டைச் சாய்த்துச் சாய்த்து எடுப்பாய். முடிந்தால் ஃப்ரிட்ஜை இடது மூலைக்கு மாற்று. முடியாவிட்டால் நான் சொன்ன கூடுதல் இடம் முழுவதையும் சுவர்ப்பக்கம் விட்டு, கதவுக்கு அது போதுமா என்று கடையிலேயே திறந்து அளந்து பார். அலமாரியின் ஆழம் 60 செ.மீ., ஃப்ரிட்ஜுக்கு அதைவிட அதிகம், பின்னால் விடுவதும் சேர்ந்தால் கதவு முழுக்க வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நிற்கட்டும். அதை உள்ளே தள்ள முயல்வதில்தான் எல்லாக் கோளாறும் ஆரம்பிக்கிறது.

பிளக் பாயின்ட் ஃப்ரிட்ஜின் முதுகுக்குப் பின்னால் வேண்டாம். பக்கத்து அலமாரிக்குள்ளோ மேடைக்கு மேலோ கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஷார்ட் சர்க்யூட் நேரத்தில் ஃப்ரிட்ஜை இழுத்துக்கொண்டிருக்க முடியாது. பக்கப் பலகைகளின் அடிப்பாகம் துடைக்கும் தண்ணீரில் ஊறும் என்பதால் அங்கே தண்ணீர் தாங்கும் பிளைவுட்டே போடச் சொல். தரைக்கும் பலகைக்கும் நடுவே எலி நுழையும் சந்து இருக்கக் கூடாது. முன்கால்களை லேசாக உயர்த்தினால் கதவு தானே சாத்திக்கொள்ளும்.

கடையில் மாடலை முடிவு செய்ததும் எண்ணை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. கையேட்டைப் பார்த்து அளவைத் தாளில் எழுதி அனுப்புகிறேன். கான்ட்ராக்டர் அதில் கையெழுத்துப் போட்ட பிறகு பலகை அறுக்கட்டும். அதுவரை அட்வான்ஸுக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
பெரியப்பா