படகு இயந்திரமும் பிளக்கின் இடைவெளியும்

கடலோர உறுப்பினர் பலர் மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தைப் படகின் பின்புறத்தில் பொருத்தித் தொழில் செய்கின்றனர். முகத்துவாரத்தில் அலை புரளும் வேளையில் இயந்திரம் நின்றுவிடின், படகு அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழவும் கூடும். இயந்திரம் நிற்பதற்குரிய காரணங்களுள் ஒன்று ஸ்பார்க் பிளக்கின் இடைவெளி பிசகுதல். அதனைச் சரிசெய்யும் முறையை இங்குக் காண்போம்.

பிளக்கின் நுனியில் நடுமுனை ஒன்றும், அதன்மேல் வளைந்து நிற்கும் பக்கமுனை ஒன்றும் உண்டு. இவற்றிடையே மின்பொறி தாவி எரிபொருட் கலவையைப் பற்றவைக்கிறது. இடைவெளி மிகக் குறுகினால் பொறி சிறுத்துக் கலவை சரிவரப் பற்றாது. கரியும் எளிதில் அடையும். மிக அகன்றால் பொறி தாவ மிகுந்த மின்னழுத்தம் வேண்டும். இயந்திரம் கிளம்ப மறுக்கும், முழு வேகத்தில் தடுமாறும். முனைகள் தேயத் தேய இடைவெளி தானே அகலுமாதலின், அவ்வப்போது அளந்து பார்த்தல் இன்றியமையாதது.

இயந்திரத்தின் கையேட்டில் கண்ட அளவே சரியானது. என்.ஜி.கே. பிளக்கில் பி7எச்எஸ்-10 என்றிருப்பின், இறுதியிலுள்ள 10 என்பது 1.0 மி.மீ. இடைவெளியைக் குறிக்கும்.

செய்முறை வருமாறு:

1. இயந்திரம் ஆறியபின், கம்பியை இழுக்காமல் தொப்பியைப் பற்றிக் கழற்றுக. பிளக்கைச் சுற்றியுள்ள உப்பையும் மணலையும் துடைத்த பின்னரே ஸ்பானரை இடுக. இன்றேல் அவை சிலிண்டருக்குள் விழும்.

2. நுனி பழுப்பு நிறமாயின் நலம். கரி படிந்திருப்பின் துடைத்துத் தூய்மை செய்க. பீங்கான் வெடித்திருந்தாலும், நடுமுனை தேய்ந்து உருண்டிருந்தாலும் புதிய பிளக் வேண்டும்.

3. ஃபீலர் கேஜில் உரிய கனமுள்ள தகட்டை இடைவெளியில் செலுத்துக. சற்றே உராய்ந்து நுழைந்தால் அளவு சரி. தளர்ந்து நுழைந்தால் பக்கமுனையை மெல்லத் தட்டி நெருக்குக. நுழையாவிடின் சிறிதே வளைத்து அகற்றுக. நடுமுனையை நெம்பலாகாது, பீங்கான் உடையும்.

4. மரை முழுவதையும் கையாலேயே ஏற்றி, இறுதியில் மட்டும் ஸ்பானரால் இறுக்குக.

பக்கமுனை இல்லாத பிளக்குகளும் சில இயந்திரங்களில் உண்டு. அவற்றில் இடைவெளியை மாற்ற இயலாது.

அளவு வைத்த மாற்றுப் பிளக்கும் ஸ்பானரும் படகில் எப்போதும் இருத்தல் வேண்டும். அலைக்கு நடுவே அமர்ந்து அளவு பார்ப்பது இயலாத காரியம்.

ஃபீலர் கேஜ் விலை மிகுந்ததன்று. சங்கத்தில் ஒன்று வாங்கி வைப்பின் படகுக்காரர் அனைவரும் எடுத்தாளலாம். பெட்ரோலில் ஓடும் மருந்து தெளிப்பான் வைத்துள்ள விவசாய உறுப்பினர்க்கும் அதுவே பயன்படும். அடுத்த கூட்டத்தில் உறுப்பினர்கள் இதனை ஆலோசிப்பாராக.