திங்கள் இரவு மற்போர்

உங்கள் அம்மாவிடமோ மாமாவிடமோ போய் ‘அண்டர்ரேக்கர்’ என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். “அட, அவரோ! மணி அடிக்கும், லைற் எல்லாம் நூரும், கறுத்தத் தொப்பியோட ஆறுதலா நடந்து வருவார்...” என்று தொடங்கினால் இலேசில் நிறுத்த மாட்டார்கள். பக்கத்தில் இருக்கும் இன்னொருவர் “உதெல்லாம் சும்மா நடிப்பு” என்பார். பிறகு வீட்டுக்குள்ளேயே ஒரு மற்போர் நடக்கும்! நடிப்பா, உண்மையா? இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1993 ஜனவரி 11 ஆம் திகதி, திங்கட்கிழமை, நியூயோர்க்கில் உள்ள மன்ஹற்றன் சென்ரர் என்ற மண்டபத்தில் ‘மண்டே நைட் ரோ’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கியது. அன்று கடைசியாக மோதியவர்களில் ஒருவர் அண்டர்ரேக்கர். அப்போது அது ஒரு மணித்தியால நிகழ்ச்சி. 1997 இல் அது இரண்டு மணித்தியாலம் ஆனது, 2012 இல் மூன்று மணித்தியாலம் ஆனது. அங்கே இரவு எட்டு மணிக்குத் தொடங்கினால் இங்கே சுவிசில் செவ்வாய் அதிகாலை இரண்டு மணி. நீங்கள் நல்ல நித்திரையில் இருப்பீர்கள் (இருக்க வேண்டும்!). உதைபந்தாட்டத்துக்கு ஓய்வுக் காலம் உண்டு. இதற்கு அப்படி ஒன்றும் இல்லை. கோடை, மாரி, நத்தார் என்று பாராமல் வாராவாரம் நடக்கும். 2025 ஜனவரி 6 அன்று ‘ரோ’ தொலைக்காட்சியை விட்டு நெற்ஃபிளிக்ஸுக்குப் போனது.

பெரியவர்கள் இதை ‘டபிள்யூ டபிள்யூ எஃப்’ என்பார்கள். நீங்கள் ‘டபிள்யூ டபிள்யூ ஈ’ என்பீர்கள். யார் சொல்வது சரி? இரண்டும் சரிதான். அந்தப் பெயர் மாறிய கதையில் எங்கள் சுவிற்சர்லாந்துக்கும் ஒரு பங்கு உண்டு. வோ மாநிலத்தில் கிளான்ட் என்ற ஊர் இருக்கிறது. பண்டாக் கரடியைச் சின்னமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் அங்கேதான். அந்த அமைப்பின் சுருக்கப் பெயரும் டபிள்யூ டபிள்யூ எஃப். 1961 இலேயே அது தொடங்கிவிட்டது. ஒரே பெயரால் வந்த வழக்கு இங்கிலாந்தின் நீதிமன்றத்துக்குப் போனது. மற்போர் நிறுவனம் தோற்றது. 2002 மே மாதத்தில் அது தன் பெயரின் கடைசி எழுத்தை மாற்ற வேண்டி வந்தது. அத்தனை பலசாலிகளையும் ஒரு பண்டா வென்றுவிட்டது. அந்த முடிவை யாரும் முன்கூட்டியே எழுதி வைக்கவில்லை!

ஆனால் மேடையில் நடக்கும் மற்போரின் முடிவு எழுதி வைக்கப்பட்டதுதான். யார் வெல்வது, யார் தோற்பது என்று முன்னமே தீர்மானித்து விடுவார்கள். இது ஒரு பெரிய இரகசியமும் இல்லை. 1989 இல் நியூ ஜேர்சி மாநிலத்தின் சட்டமன்றத்திடம் அந்த நிறுவனமே இதை ஒப்புக்கொண்டது. ‘இது விளையாட்டுப் போட்டி அல்ல, கேளிக்கை’ என்று சொன்னது. ஏன் சொன்னது? போட்டி என்றால் அரசாங்கத்தின் கட்டுப்பாடும் வரியும் வரும். கேளிக்கை என்றால் அந்தத் தொல்லை குறைவு.

அப்படியென்றால் ‘சும்மா நடிப்பு’ என்று சொன்னவர் வென்றுவிட்டாரோ? கொஞ்சம் பொறுங்கோ.

ஊரில் நாட்டுக்கூத்து ஆடுவார்கள். கூத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வரவுப் பாட்டு இருக்கும். அந்தப் பாட்டோடுதான் அரசன் களரிக்குள் வருவான். கட்டியகாரன் வந்து, இன்னார் வருகிறார் என்று அறிவிப்பான். மற்போரிலும் இப்படித்தான். ஒவ்வொரு வீரருக்கும் தனி இசை, தனி உடுப்பு, தனி நடை. அவருடைய பெயரை ஒருவர் உரத்துச் சொல்லி அழைப்பார். நல்லவர், கெட்டவர் என்ற வேடமும் உண்டு. கூத்தில் கீசகன் கடைசியில் சாவான் என்று அங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய இருந்து பார்ப்பார்கள். ‘ஏன் பாக்கிறியள், முடிவு தெரியும்தானே?’ என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று. முடிவைத்தான் எழுதி வைக்கலாம். விழுவதை எழுதி வைக்க முடியாது. அந்த மேடை இரும்புச் சட்டத்தின்மேல் பலகை அடித்து, அதன்மேல் மெல்லிய மெத்தை போட்டு, கித்தானால் மூடியது. மல்லாக்க விழும்போது நாடியை நெஞ்சோடு ஒட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்தலை அடிபடும். முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். அப்போதுதான் அடி ஓரிடத்தில் சேராமல் பரவும். இதைப் பழக மாதக்கணக்கு ஆகும். தூக்குகிறவரும் தூக்கப்படுகிறவரும் எதிரிகள் போல முறைப்பார்கள். உண்மையில் ஒருவருடைய கழுத்து மற்றவருடைய கையில் இருக்கிறது. நம்பாமல் அந்த வேலையைச் செய்யவே முடியாது. (தம்பி தங்கைகளில் செய்து பார்க்க வேண்டாம். அவர்கள் மாதக்கணக்காகப் பழகவில்லை.)

1999 மே 23 ஆம் திகதி கன்சாஸ் நகரில் ஓவன் ஹார்ட் என்ற வீரர் மண்டபத்தின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்குவதாக இருந்தது. அவர் உயரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். அடுத்த நாள் திங்கட்கிழமை. ‘ரோ’ நடந்தது. ஆனால் அன்று வேடங்கள் இல்லை. நல்லவராக வந்தவர்களும் கெட்டவராக வந்தவர்களும் ஒன்றாக நின்றார்கள். தங்கள் நண்பனைப் பற்றிப் பேசி அழுதார்கள். அதைப் பார்த்த பிறகு ‘சும்மா நடிப்பு’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

2017 செப்டெம்பரில் லொஸ் ஏஞ்சலிசில் நடந்த ஒரு மோதலில், மேடையின் மூலைக்கம்பம் ஒரு வீரரின் வாயில் அடித்தது. முன்பற்கள் இரண்டு முரசுக்குள் ஏறிவிட்டன. அவர் நிறுத்தவில்லை. வாயில் இரத்தத்தோடு கடைசிவரை ஆடி முடித்தார். அவர் யார் தெரியுமோ? லுசேர்ன்காரர்!

அவருடைய பெயர் கிளவுடியோ கஸ்தன்யோலி. 1980 இல் லுசேர்ன் நகரில் பிறந்தவர். 2012 இலிருந்து தொலைக்காட்சியில் ‘அன்ரோனியோ சிசாரோ’ என்ற பெயரில் வந்தார். அவருக்குச் சுவிஸ் யேர்மன், யேர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் என்று ஐந்து மொழிகள் தெரியும். சண்டைக்கு முன்னால் ஏதாவது ஒரு சொல்லை எடுத்து, அதை ஐந்து மொழியிலும் சொல்லிக் காட்டுவார். சனம் கூச்சல் போடும். ஏனென்றால் அவருக்குக் கொடுத்தது கெட்டவர் வேடம். எங்கிருந்தோ வந்து, எல்லாம் தெரிந்தவர் மாதிரிப் பேசுகிற ஆள் என்பதுதான் அந்தப் பாத்திரம்.

இதை நான் யோசித்துப் பார்த்தேன். லுசேர்னில் பல மொழி பேசுவது ஒரு புதினமே இல்லை. இந்த நாட்டுக்கே நான்கு தேசிய மொழிகள். நீங்களும் வீட்டில் தமிழ், பள்ளியில் யேர்மன், பிறகு பிரெஞ்சு, ஆங்கிலம் என்று போகிறீர்கள். இங்கே சாதாரணமான ஒன்றை, இன்னோர் இடத்தில் கூச்சல் போட ஒரு காரணமாக ஆக்கிவிட்டார்கள். ஆனால் அந்தக் கூச்சல் நெடுநாள் நிற்கவில்லை. எதிராளியின் இரண்டு காலையும் பிடித்து இராட்டினம் மாதிரிச் சுற்றுவது அவருடைய தனி வித்தை. அவர் சுற்றச் சுற்ற, அதே சனம் ‘ஒன்று, இரண்டு, மூன்று...’ என்று சேர்ந்து எண்ணத் தொடங்கியது. 2014 ஏப்ரலில் நியூ ஓர்லியன்சில், பிக் ஷோ என்ற மலை போன்ற மனிதரைத் தூக்கிக் கயிற்றுக்கு வெளியே போட்டார். மண்டபமே எழுந்து நின்று ஆரவாரித்தது. 2022 இல் அவர் வேறு நிறுவனத்துக்குப் போனார். மேடைப் பெயரை விட்டுவிட்டுத் தன் சொந்தப் பெயரிலேயே அங்கே போனார்.

சனம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, ஒர்லாண்டோவில் உள்ள பயிற்சி மண்டபத்தில், ஒருவர்கூடப் பார்க்க இல்லாமல் ‘ரோ’ நடந்தது. மூச்சு வாங்குகிற சத்தமும் பலகை அதிருகிற சத்தமும் மட்டும் கேட்டன. அண்ணாவியார் இல்லாத கூத்து மாதிரி என்னவோ குறைந்தது. அந்த ஓகஸ்ற்றில் மேடையைச் சுற்றிப் பெரிய திரைகளை வைத்து, வீடுகளில் இருந்து பார்ப்பவர்களின் முகங்களை அவற்றில் காட்டினார்கள்.

இனி, முடிவு எழுதாத மற்போர் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றால் நீங்கள் அமெரிக்கா போகத் தேவையில்லை. அதிகாலை எழும்பவும் தேவையில்லை. ‘ஷ்விங்கன்’ உங்களுக்குத் தெரியும். மரத்தூள் பரப்பிய வட்டத்தில், ஒருவர் மற்றவருடைய தடித்த காற்சட்டையைப் பிடித்துத் தூக்கி, முதுகு தரையில் படும்படி வீழ்த்த வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாடு முழுவதற்குமான பெருவிழா நடக்கும். 2022 இல் பிரற்றெல்னில் நடந்தபோது ஜோயல் விக்கி வென்றார். பரிசு ஒரு காளை மாடு! எங்கள் ஊர்ப் பேச்சில் ‘நாம்பன்’. அங்கே வரவுப் பாட்டும் இல்லை, கெட்டவர் வேடமும் இல்லை. ஆனால் வென்றவர், தோற்றவருடைய முதுகில் ஒட்டிய மரத்தூளைத் தன் கையால் தட்டிவிடுவார்.

சொல் அறிவோம்
நூரும் – அணையும் (பேச்சு வழக்கு)
கேளிக்கை – பார்த்து மகிழும் நிகழ்ச்சி
களரி – கூத்து ஆடும் இடம்
நாடி – முகவாய்
முரசு – பல் முளைத்திருக்கும் தசை
அண்ணாவியார் – கூத்தைப் பழக்கி நடத்துபவர்

செய்து பார்ப்போம்
1. “ஏன் பாக்கிறியள், முடிவு தெரியும்தானே?” இதை எழுத்துத் தமிழில் எழுதுங்கள். பாடத்தில் உள்ள வேறு பேச்சுத் தமிழ்ச் சொற்களையும் தேடி எடுங்கள்.
2. வீட்டில் ஒருவரிடம், அவர் சிறுவயதில் வாராவாரம் காத்திருந்து பார்த்த நிகழ்ச்சி எது என்று கேளுங்கள். யாருடைய வீட்டில், எத்தனை பேர் சேர்ந்து பார்த்தார்கள்? பத்து வரியில் எழுதி வாருங்கள்.
3. வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து, ‘நடிப்பு’ என்று ஓர் அணியும் ‘உண்மை’ என்று ஓர் அணியும் வாதாடுங்கள். பாதியில் அணிகள் பக்கம் மாற வேண்டும்.
4. ‘நம்பிக்கை’ என்ற சொல்லை உங்களுக்குத் தெரிந்த எல்லா மொழிகளிலும் எழுதுங்கள். பிறகு சிசாரோவைப் போல முன்னால் வந்து நின்று உரத்துச் சொல்லுங்கள். கூச்சல் போட மற்றவர்களுக்கு அனுமதி உண்டு.