மூடுவதற்கு முன் பார்த்தல்

நெய்து முடித்த துணியில் அங்குலத்துக்கு எத்தனை இழை என்பதை, இழை எண்ணும் கண்ணாடியை வைத்து எவரும் எப்போது வேண்டுமானாலும் எண்ணிவிடலாம். பாவில் குறைந்ததா, ஊடையில் குறைந்ததா என்பது மறைவதில்லை. வீட்டு வேலை அத்தன்மையதன்று. கடைக்காலை மண் மூடுகிறது. கம்பி கான்கிரீட்டினுள் புதைகிறது. செங்கல் இணைப்பைப் பூச்சு மறைக்கிறது. மறைந்த பின்னர்ச் சோதிக்கக் கருவிகள் உண்டெனினும், கண்ட குறையைத் திருத்துவதற்கு இடித்தேயாக வேண்டும்.

2016ஆம் ஆண்டில் நெசவாளர் அங்கத்தினர் ஒருவர் சங்கக் கடனில் வீடு கட்டினார். மூன்றாம் தவணை வழங்குமுன், வேலை தளமட்டம் வந்துவிட்டதா என்று பார்க்க நாம் சென்றிருந்தோம். சென்டரிங் பலகைமேல் கம்பி கட்டப்பட்டு, பலகையைத் தொட்டுக்கொண்டே கிடந்தது. அதை நாம் கண்டோம். அதன் பொருள்தான் நமக்குத் தெரியவில்லை. 'தளமட்டம் வரை வேலை நடந்துள்ளது' என்றெழுதிக் கையொப்பமிட்டோம். அங்கத்தினரோ, 'இன்ஸ்பெக்டர் ஐயாவே பார்த்துவிட்டார்' என்று மனநிறைவு கொண்டார். ஐந்தாம் மழைக்காலத்தில் தளத்தின் அடிப்புறம் பாளமாகப் பெயர்ந்து தறியின்மேல் விழுந்தது. துருவேறிய கம்பி வெளியே தெரிந்தது. அது உணவு வேளையாதலால் தறியில் ஆள் இல்லை.

நம் கையொப்பத்தின் அளவு என்ன என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் வேண்டும். சங்கத்தின் பார்வை, கடன் தொகைக்கு ஏற்ற வேலை எழும்பியிருக்கிறதா என்பதோடு நின்றுவிடும். மேஸ்திரிக்குக் கூலி கொடுப்பவர் ஒப்பந்தக்காரர். வீட்டுக்காரர் பக்கம் நின்று பார்க்க எவருமில்லை. ஆகவே, தகுதி பெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவரை வீட்டுக்காரரே கூலி கொடுத்து அமர்த்திக்கொள்ளுதல் நலம். அவருக்கு ஒப்பந்தக்காரரிடமோ சிமெண்டுக் கடையிடமோ எவ்வித வரவும் இருத்தலாகாது. 'எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார்' என்று ஒப்பந்தக்காரர் சொன்னால், நன்றி கூறி வேறொருவரைத் தேடுக.

அவர் வரும் நாளே முக்கியம். கடைக்கால் குழி வெட்டியதும் ஒருமுறை, குளியலறைக் குழாய்கள் மூடப்படுமுன் ஒருமுறை வருதல் வேண்டும். எல்லாவற்றிலும் பெரிது, தளக்கம்பி கட்டிய பின், கான்கிரீட் இடுமுன் வரும் நாள். 456ஆம் எண் இந்தியத் தரவிதியின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, சாதாரணச் சூழலிலும் தளக்கம்பிக்கு வெளியே 20 மி.மீ. கான்கிரீட் இருத்தல் வேண்டும். தூணுக்கு 40, கடைக்காலுக்கு 50. இவ்விடைவெளிக்காகவே கம்பியின்கீழ்ச் சிறு 'கவர் பிளாக்'குகள் வைக்கப்படுகின்றன. 'ஊற்றும்போது தூக்கிவிடுவோம்' என்னும் மேஸ்திரியின் வாக்கை நம்பலாகாது. அத்தனை பேர் மிதித்து நடக்கும் கம்பி தூக்கிய இடத்தில் நிற்பதில்லை.

கான்கிரீட் இடும் நாளிலும் பொறியாளர் இருப்பது நன்று. அதே விதிப்படி, சாதாரணச் சூழலில் 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு, மணலின் ஈரத்தையும் சேர்த்து, நீர் 27½ லிட்டருக்கு மேற்படலாகாது. கலவை இளகி ஓடட்டும் என்று மேலும் ஒரு குடம் ஊற்றுவது எங்கும் காணும் வழக்கம். வலுக்குறைவு அங்கேயே தொடங்குகிறது. பின்னர் நீராற்றுதல் சாதாரண சிமெண்டுக்கு 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாளேனும் வேண்டும். பயிருக்குத் தண்ணீர் கட்டும் உழவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பொறியாளர் கண்டதை அன்றே எழுதிக் கையொப்பமிட்டுத் தரவேண்டும். குறை தீர்ந்த பின்னரே அடுத்த தவணை என்பதை வேலை தொடங்குமுன் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்க. பாதி வேலையில் இதைப் பேசப் புகுந்தால் மனக்கசப்பே மிஞ்சும்.

செலவுக்கு அஞ்சுவோர் எல்லா நாளும் அழைக்க இயலாவிடில், தளக்கம்பி நாளுக்கு மட்டுமாவது அழைப்பாராக.

முன் சொன்ன அங்கத்தினர் அண்மையில் தறிக்கூடத்துக்குப் புதுத்தளம் இட்டார். இம்முறை நாம் தவணைக்காகச் சென்றபோது பொறியாளரும் அங்கிருந்தார். பதினோரிடத்தில் கம்பி பலகையைத் தொடுவதாகச் சுட்டிக்காட்டினார். மேஸ்திரி முணுமுணுத்தார், கான்கிரீட் ஒருநாள் தள்ளிப் போயிற்று.