அரசு வேலைக்காக எத்தனை வருடம் காத்திருப்பது?

கேள்வி: என் மகன் பி.இ. மெக்கானிக்கல் முடித்து நான்கு வருடம் ஆகிறது. குரூப் 2, குரூப் 4 என்று எழுதிக்கொண்டே இருக்கிறான். காலையில் டிபன் பாக்ஸோடு கோட்டூர்புரம் லைப்ரரிக்குப் போனால் ராத்திரிதான் வருவான். கல்யாணம், கார்த்திகை எதற்கும் வருவதில்லை. 'சோம்பேறி' என்று திட்டுகிறார் அவன் அப்பா. வேலையில்லாதவர்களுக்கு அரசு பணம் தருகிறதாமே, அதற்காவது எழுதிப்போடலாமா?
ஒரு வாசகி, மயிலாப்பூர்.

பதில்: பகல் முழுக்கப் புத்தகமும் கையுமாக இருப்பவனைச் சோம்பேறி என்பது அநியாயம் அம்மா. 2022 குரூப் 4 அறிவிப்பில் இருந்தவை 7,301 இடங்கள். விண்ணப்பித்தவர்களோ சுமார் 22 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு முந்நூறு பேர் என்றால் நன்றாகப் படிப்பவனும் தோற்பான்.

ஆனாலும் உங்கள் கணவரின் பயம் பொய்யில்லை. 2001 முதல் 2006 வரை தமிழக அரசு புதிய நியமனங்களைப் பெருமளவு நிறுத்தி வைத்தது. இடம் குறைந்தால் பிள்ளைகள் வேறு வழி பார்ப்பார்கள் என்றுதானே நினைப்போம்? அந்த வருடங்களை ஆராய்ந்த பொருளாதார ஆய்வாளர் குணால் மங்கல் கண்டது நேர்மாறாக இருந்தது. பட்டதாரிகள் இன்னும் அதிக காலம் படித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பத்து வருடம் கழித்தும் அவர்கள் சம்பாத்தியம் பின்தங்கியே இருந்தது.

காரணம் புரியாததல்ல. கற்ற தொழில் கைவிட்டுப் போகிறது, இன்டர்வியூவில் "இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?" என்பதே முதல் கேள்வியாகிறது. வேலையில்லாத மாதங்களை மட்டும் மாற்றி, ஒரே மாதிரியான பயோடேட்டாக்களை அமெரிக்க நிறுவனங்களுக்கு ஆய்வாளர்கள் அனுப்பிப் பார்த்தார்கள். முதல் எட்டு மாதத்துக்குள்ளேயே அழைப்புகள் மளமளவென்று குறைந்தன.

விசேஷங்களுக்கு வராததை விட்டுவிடுங்கள். "என்னப்பா பண்றே?" என்று பந்தியில் கேட்கும் மாமாக்களுக்கு அவன் என்ன பதில் சொல்வான்? வேலையில்லாமை ஆட்களை எப்படி முடக்கும் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. ஆஸ்திரியாவில் மரியன்டால் என்ற ஊரில் ஆலை மூடியபின் சமூக ஆய்வாளர் மாரி யஹோடாவும் தோழர்களும் நடத்திய அந்த ஆய்வு 1933இல் வெளியானது. நேரம் கொட்டிக்கிடந்தும் அங்கே நூலகத்தில் புத்தகம் எடுப்பவர்கள் குறைந்துபோயிருந்தார்கள். ஆண்களின் நடைகூடத் தளர்ந்திருந்தது. உங்கள் பையன் இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை. லைப்ரரி போவதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

நான் சொல்வது, பாதி நாள் வேலை. கிண்டி தொழிற்பேட்டையில் சின்னப் பட்டறையில் தரப் பரிசோதனையாக இருந்தாலும் சரி, சம்பளம் குறைவானாலும் சரி, அனுபவச் சான்றிதழ் கிடைக்கும் இடமாகப் பார்க்கட்டும். படிப்பு மீதி நாளில். இன்னும் எத்தனை தேர்வு என்பதை அவனே இப்போது முடிவு செய்து சொல்லட்டும். தோற்ற மறுநாள் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

நீங்கள் கேட்ட அரசு உதவித்தொகை பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய்தான். பதிவு செய்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும். அதுவும் பொறியியல் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்குக் கிடையாது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மட்டும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பிக்கச் சொல்லுங்கள். தவறவிட்டால் சீனியாரிட்டி போய்விடக்கூடும்.