வேர்ட்பிரஸில் தளம் கட்டப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உங்கள் ஊர் ஜவுளிக்கடைக்காரர் தளம் கேட்கிறார், வேர்ட்பிரஸில் கட்டித் தரலாமா என்று எழுதியிருந்தாய். தரலாம். ஆனால் 'இலவசம், பிறகு செலவே இல்லை' என்று மட்டும் அவரிடம் சொல்லாதே.

வேர்ட்பிரஸின் பெரிய பலம், யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்த இடம்தரும் அதன் ஜிபிஎல் உரிமம். பி2 என்ற மென்பொருள் கவனிப்பாரின்றிக் கிடந்தபோது மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் அதை எடுத்து வளர்த்து, 2003 மே மாதம் வேர்ட்பிரஸ் என்று வெளியிட்டார்கள். பி2வும் அதே உரிமத்தில் இருந்ததால் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையிருக்கவில்லை. அந்த உரிமம் கடைக்காரருக்கும் உதவும். ஹோஸ்டிங் பிடிக்கவில்லையென்றால் கோப்புகளையும் டேட்டாபேஸையும் எடுத்துக்கொண்டு வேறிடம் போகலாம். நாளை நீ வேறு வேலைக்குப் போனாலும் இன்னொருவர் தொடரலாம். நிர்வாகப் பக்கம் தமிழிலும் கிடைப்பதால், கடைப்பையனே புதுச் சேலையின் படத்தை ஏற்றிவிடுவான்.

இனி சங்கடங்கள். பாதுகாப்பு ஓட்டைகளில் பெரும்பாலானவை, கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் ப்ளக்இன்களில்தான் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் கைவிடலாம். ஒன்றை நிறுவுமுன் கடைசியாக எப்போது அப்டேட் ஆனது, பயனர் கேள்விகளுக்குப் பதில் வருகிறதா என்று பார். மைய மென்பொருளும் தப்பியதில்லை. 2017 தொடக்கத்தில் ஓர் ஓட்டை அகப்பட்டது. அதை அடைத்த 4.7.2 பதிப்பு வந்த பிறகும் அப்டேட் செய்யாமல் விட்ட தளங்களில் லட்சக்கணக்கான பக்கங்கள் சிதைக்கப்பட்டன. ஆகவே பராமரிப்புக்கு ஆண்டுக் கட்டணம் கேள். கேட்கக் கூச்சப்படாதே, அது உழைப்புக்கான கூலி.

பேஜ் பில்டர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். இழுத்து வைத்தால் பக்கம் தயாராகிவிடும் என்பதால் உன் வயதுக்காரர்கள் பலர் அதிலேயே தொடங்குகிறார்கள். டபிள்யூபிபேக்கரி போன்ற ஒன்றில் கட்டிவிட்டுப் பின்னால் அந்த பில்டரை நிறுத்திப் பார், பக்கமெங்கும் சதுர அடைப்புக்குறிகளாகக் கிடக்கும். திறந்த மென்பொருளுக்குள்ளேயே நாமாகப் போட்டுக்கொள்ளும் பூட்டு இது. முடிந்தவரை 2018இல் வேர்ட்பிரஸ் 5.0 பதிப்போடு வந்த பிளாக் எடிட்டரிலேயே கட்டு. முதலில் கை படியாது, பழகிவிடும்.

உரிமம் திறந்திருப்பதால் எல்லாமே பொதுச்சொத்து என்றும் நினைத்துவிடாதே. 2024 அக்டோபரில், டபிள்யூபி என்ஜின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தோடு நடந்த தகராறில், வேர்ட்பிரஸின் ப்ளக்இன் கிடங்கை நடத்துபவர்கள் அங்கே அந்நிறுவனத்தின் பிரபலமான ப்ளக்இன் ஒன்றுக்கு இருந்த இடத்தையே எடுத்துக்கொண்டு வேறு பெயர் வைத்தார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. முக்கியமான ப்ளக்இன்கள் எந்த வழியாக அப்டேட் ஆகின்றன என்பதை நீ அறிந்திருக்க வேண்டும்.

கடைக்காரருக்கு முகவரியும் தொலைபேசி எண்ணும் நாலு படங்களும் போதுமென்றால் வேர்ட்பிரஸே வேண்டாம். வெறும் எச்டிஎம்எல் பக்கம் எழுதிக்கொடு, அடிக்கடி அப்டேட் செய்ய அதில் ஒன்றுமில்லை. சரக்கு மாறிக்கொண்டே இருக்கும், ஆன்லைனில் விற்க வேண்டும் என்றால் வேர்ட்பிரஸோடு வூகாமர்ஸ் என்ற விற்பனை ப்ளக்இன் பொருந்தும்.

எதில் கட்டினாலும் டொமைனையும் ஹோஸ்டிங்கையும் அவர் பெயரில், அவருடைய மின்னஞ்சலில் பதிவு செய். பேக்கப் எடுக்கவும் மீட்கவும் அவர் கடையில் ஒருவருக்காவது கற்றுக்கொடுத்துவிட்டு வா.

அன்புடன்,
உன் அண்ணன்